நாய்க்கு மருந்து போட்டாயிற்று, சுவருக்கு?

1910இல் பிரெஞ்சு ஆய்விதழ் ஒன்றில் சென்னை நாய்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய டபிள்யூ.எஸ். பேட்டன். வெள்ளைக்கார அதிகாரிகள் நரி வேட்டைக்கென்று ‘மெட்ராஸ் ஹண்ட்’ என்றொரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்து வேட்டை நாய்களின் இரத்தச் சிவப்பணுக்களுக்குள், அதுவரை யாரும் விவரித்திராத ஒரு நுண்ணுயிர் குடியிருப்பதை பேட்டன் கண்டார். பிறகு அதே உயிரி இந்த ஊர் நரிகளின் இரத்தத்திலும் இருப்பது தெரிந்தது. இன்று உலகெங்கும் ‘பபீசியா கிப்சோனி’ என்று அறியப்படும் அந்த ஒட்டுண்ணி, அறிவியலுக்கு அறிமுகமான ஊர் சென்னை. (இதே பேட்டன் 1913இல் கிராக் என்பவரோடு சேர்ந்து இரத்தம் குடிக்கும் பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய பாடநூலும் எழுதினார். கடிக்கிற பூச்சிகளுக்கு இந்த ஊரில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.) 1944இல் எஸ்.வி. முதலியார், சென்னையிலிருந்து வெளிவரும் ‘இந்தியன் வெட்டரினரி ஜர்னல்’ இதழில், தென்னிந்திய நாய்களின் இரத்தத்தில் எர்லிக்கியா என்ற இன்னொரு கிருமி இருப்பதைப் பதிவு செய்தார். இந்தியாவில் அதுதான் முதல் பதிவு. பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் இன்று கிளினிக்கில் ‘டிக் ஃபீவர்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள்.

ஆக, நம் நாய்களின் இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த செய்தி. மருந்தும் இருக்கிறது, தி.நகரிலோ அடையாறிலோ ஒரு செல்லப்பிராணிக் கடைக்குள் நுழைந்தால் மாத்திரை, சொட்டு மருந்து, கழுத்துப் பட்டை, ஷாம்பூ, பவுடர் என்று அலமாரி நிறைய அடுக்கியிருக்கிறார்கள். அப்படியும் உண்ணி போனபாடில்லை. இதற்குக் காரணம் மருந்தின் வீரியம் குறைந்ததோ, கடைக்காரர் போலி மருந்தைத் தள்ளிவிட்டதோ அல்ல என்பது என் கட்சி. ஒட்டுண்ணி தன் வாழ்நாளில் மிகக் குறைந்த நேரமே விலங்கின்மேல் கழிக்கிறது. மீதி நேரம் அது சுவரில், தரையில், மண்ணில், மலத்தில் கிடக்கிறது. நாமோ முழுப் பணத்தையும் முழுக் கவனத்தையும் அந்தக் குறைந்த நேரத்தின்மேல் மட்டும் செலவழிக்கிறோம்.

உண்ணியிலிருந்தே தொடங்கலாம். நம் வீடுகளில் காண்பது பெரும்பாலும் ஒரே இனம், பழுப்பு நாய் உண்ணி. மற்ற உண்ணிகளில் பெரும்பாலானவை புதர், புல்வெளி, மாட்டுத் தொழுவம் என்று வெளியே வாழ்பவை. வீட்டுக்குள் வந்தால் காய்ந்து செத்துப்போகும். இது மட்டும் சிமென்ட் தரையும் சுண்ணாம்புச் சுவரும் இருந்தால் போதும் என்று தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தும். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு கண்ணுக்கே சரியாகப் படாது. அது நாய்மேல் ஏறி மூன்று முதல் ஏழு நாள் வரை இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். எங்காவது ஓர் இடுக்கில் தோலுரித்து, எட்டுக்கால் இளம் உண்ணியாக மறுபடி ஏறும். ஐந்து முதல் பத்து நாள் குடிக்கும். மறுபடி இறங்கித் தோலுரித்து, வளர்ந்த உண்ணியாக மூன்றாவது முறை ஏறும். பெண் உண்ணி ஒன்றிலிருந்து மூன்று வாரம் குடித்து, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி ஊதி, சாம்பல் நிறமாகி உதிரும். உதிர்ந்த உண்ணி நல்ல இடுக்காகத் தேடிப்போய்ச் சுமார் 4,000 முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். இரண்டு முதல் ஐந்து வாரத்தில் முட்டை பொரிக்கும். வெயிலும் நாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இந்தச் சுற்று முழுவதும் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடிந்துவிடும். நாய் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி பட்டினியாகவே ஒன்றரை வருடம் வரை காத்திருக்கும். ஊருக்குப் போய் ஆறு மாதம் பூட்டிவைத்த வீட்டைத் திறந்ததும் உண்ணி ஊர்வது இதனால்தான்.

இந்த உண்ணிக்கு இன்னொரு குணமும் உண்டு: மேல்நோக்கி ஏறும். கதவு நிலையின் தலைப்பகுதி, ஸ்விட்ச் போர்டின் பின்புறம், பூஜை அறைப் படங்களின் பின்பக்கம், திரைச்சீலை மடிப்பு, கூரையும் சுவரும் சந்திக்கும் மூலை ஆகியவைதான் அதன் இருப்பிடம். மயிலாப்பூரில் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மர உத்தரத்துக்கும் செங்கல்லுக்கும் இடையிலுள்ள சந்து அதற்கென்றே கட்டிவைத்தது போலிருக்கும். புதிய அடுக்குமாடிகளில் சுவரடி டைல்ஸுக்கு மேலே ஓடும் நூலிழைப் பிளவு போதும். ஆனால் பூச்சி மருந்து அடிக்க வருபவர் வழக்கமாகக் கரப்பான்பூச்சிக்கு அடிப்பதைப்போலத் தரையோரத்திலும் சிங்க்குக்கு அடியிலும் அடித்துவிட்டுப் போகிறார். உண்ணிக்கென்று தனியாகச் சொல்லி, தலைக்கு மேலுள்ள இடுக்குகளில் அடிக்கச் சொன்னவர்கள் எத்தனை பேர்? முட்டைகளை மருந்து முழுதாகக் கொல்லாது. ஆகவே இரண்டு மூன்று வாரம் கழித்து, பொரித்து வந்தவற்றுக்காக மறுபடி அடிக்க வேண்டும். அதற்கும் மேலாக, பட்டி பார்த்து இடுக்குகளை அடைப்பது எந்தப் பூச்சி மருந்தைவிடவும் நீண்ட நாள் பலன் தரும். வெள்ளையடிக்கும் போது இதையும் சேர்த்துச் செய்துவிட்டால் தனிச் செலவுகூட இல்லை.

நாய்மேலிருந்து பிடுங்கிய உண்ணியை என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்தாலே நம் எண்ணம் நாயோடு நின்றுவிடுவது புரியும். காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தேடிப் பிடித்து, பால்கனியிலிருந்து கீழே வீசுகிறோம், அல்லது காலால் நசுக்குகிறோம். வீசியது இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணியானால், 4,000 முட்டையைக் கீழ்வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பொருள். நசுக்கினால் உண்ணிக்குள் இருக்கும் கிருமி கைவிரல் வெடிப்பு வழியாக நமக்கே வரலாம். இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ போட்டு மூடிவைப்பதுதான் முறை. மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது இரண்டும் வேண்டாம். எரிச்சலில் உண்ணி தன் வாயிலிருப்பதை நாயின் உடம்புக்குள் கக்கிவிடும் அபாயம் உண்டு. நாய் தானே உண்ணியைக் கடித்து விழுங்குவதையும் சும்மா விடக்கூடாது. ஹெபட்டோசூன் என்ற இன்னொரு ஒட்டுண்ணி உண்ணி கடிப்பதால் வருவதில்லை, உண்ணியைத் தின்பதால் வருகிறது.

தினமும் தடவிப் பார்த்து எடுத்துவிடுகிறோமே, போதாதா என்று கேட்பார்கள். எர்லிக்கியா கிருமி உண்ணி ஒட்டிய சில மணி நேரத்திலேயே நாயின் உடம்புக்குள் போகத் தொடங்கிவிடும் என்பது சோதனையில் தெரிந்திருக்கிறது. மாலையில் தேடி எடுக்கும்போது காலையிலேயே காரியம் முடிந்திருக்கலாம். விலை உயர்ந்த மாத்திரைகளுக்கும் இந்த எல்லை உண்டு. இன்று மருத்துவர்கள் அதிகம் எழுதித்தரும் ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சாரோலானர் வகை மாத்திரைகள் நாயின் இரத்தத்தில் கலந்து, குடிக்கிற உண்ணியைக் கொல்பவை. அதாவது உண்ணி முதலில் கடிக்க வேண்டும். ஆயிரம் உண்ணி உள்ள சுவரோரத்தில் படுக்கும் நாய்க்கு மாத்திரை கொடுத்தால் ஆயிரமும் கடித்துவிட்டுத்தான் சாகும். அவற்றில் கிருமியோடு வந்தது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் போதும். மாத்திரை வீண் என்று நான் சொல்லவில்லை. சுவரில் உண்ணியின் எண்ணிக்கையைக் குறைக்காமல் மாத்திரையை மட்டும் நம்பினால், காசு கொடுத்தும் பாதிப் பாதுகாப்புத்தான் கிடைக்கும்.

நோய் வந்த பிறகு என்ன ஆகிறது? காய்ச்சல், சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், வெளுத்த ஈறு. பபீசியா சிவப்பணுக்களை உடைப்பதால் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். எர்லிக்கியாவில் இரத்தத் தட்டணுக்கள் விழுந்து, மூக்கில் இரத்தம் வழியலாம். வயிற்றின் மெல்லிய தோலில் சிவந்த புள்ளிகள் தெரியும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. அதில் எதுவும் தெரியவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நான்காம் நாளே நாய் வாலாட்டிச் சோறு கேட்டதும் மருந்தை நிறுத்துவது பெரிய தவறு. கிப்சோனி பபீசியா இன்னும் பிடிவாதக்காரன். சிகிச்சைக்குப் பின்னும் உடம்பில் ஒளிந்திருந்து, நாய் சோர்ந்திருக்கும் ஒரு நாளில் திரும்ப வரும். வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் 200க்கும் மேற்பட்ட நாய்களை எர்லிக்கியா கொன்றது. அந்த ராணுவத்தின் நாய்களில் பெரும்பாலானவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். அந்த நோயின் கொடுமையைத் தாங்குவதில் இந்த இனம் மிகப் பலவீனமானது என்பது அதன் பிறகு நன்றாகத் தெரிந்தது. நம் தெருக்களில் அந்த இன நாய்கள் எத்தனை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மருந்துப் பெட்டியோடு வரும் காகிதத்தில் உண்ணிப் பருவம் என்று ஒன்று எழுதியிருக்கும். குளிர் தேசத்து நாய்களுக்கு அது பொருந்தும். அங்கே பனிக்காலத்தில் உண்ணி அடங்கிவிடும், வீட்டுக்காரருக்கும் சில மாத ஓய்வு. சென்னையில் ஜனவரியின் சராசரி இரவு வெப்பமே 20 டிகிரியை ஒட்டியிருக்கிறது. இங்கே உண்ணிக்கு விடுமுறை கிடையாது. மழைக்காலம் முடிந்து மார்கழியில் நாய்மேல் உண்ணி குறைந்ததாகத் தோன்றினால், ‘இனி தேவையில்லை’ என்று மருந்தை நிறுத்திவிடுகிறோம். சுவருக்குள் பட்டினி கிடக்கும் கூட்டம் சித்திரையில் இறங்கி வருகிறது. கோடைக்கு இன்னொரு கெட்ட செய்தியும் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் ஆய்வாளர்கள் இதே பழுப்பு நாய் உண்ணியை ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் மனிதன் என்று நடுவில் விட்டுப் பார்த்தார்கள். முடிவை 2021இல் வெளியிட்டார்கள். சுமார் 23 டிகிரியில் நாயை நாடிய உண்ணிகள், சுமார் 38 டிகிரியில் மனிதனை நாடுவது இரண்டரை மடங்கு கூடியது, அதுவும் வெப்பநாட்டு வகை உண்ணிகளில். 38 டிகிரி என்பது நமக்கு ஆய்வுக்கூடக் கணக்கு இல்லை, மே மாதத்துச் சாதாரண மதியம். இந்தியாவில் மனிதருக்கு வரும் ஒருவகை டைபஸ் காய்ச்சலை இந்த உண்ணி பரப்பக் கூடியது. செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வரும் ஸ்கரப் டைபஸ் வேறு. அது புதர்களில் எலிகளை நம்பி வாழும் ஒரு சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டு நாயைத் தெருவில் விட வேண்டியதில்லை.

‘எங்கள் நாய் வெளியிலேயே போவதில்லை, மூன்றாவது மாடி’ என்பது அடுத்த சமாதானம். அடுக்குமாடியில் லிஃப்ட் ஒன்று, படிக்கட்டு ஒன்று, காவலாளி அறைக்குப் பக்கத்தில் படுக்கும் தெரு நாய் ஒன்று. அந்த நாயிலிருந்து உதிர்ந்த உண்ணி நாம் முன்பு பார்த்த அதே குணத்தால் மேலே ஏறும். சுவரில் ஏறி வராவிட்டாலும் கால்சட்டை விளிம்பில் தொற்றி வரும். குளிப்பாட்டிக் கத்தரிக்கும் கடையில், ஊருக்குப் போகும்போது விட்டுச்செல்லும் போர்டிங்கில், மருத்துவர் அறை வாசலில் வரிசையாகக் கட்டியிருக்கும் பத்து நாய்களுக்கு நடுவில், வெளியே போகாத நாயும் மற்ற நாய்களோடு இடம் பகிர்கிறது. ‘தெரு நாய்க்கு யார் மருந்து போடுகிறார்கள், அது நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது இன்னொரு வாதம். நாட்டு நாய் தாங்கும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. குட்டியிலேயே கடிபட்டுப் பிழைத்த நாயின் உடம்பு கிருமியோடு ஒருவகைச் சமாதானத்துக்கு வந்துவிடும். ஆனால் நாம் காண்பது பிழைத்தவற்றை மட்டுமே. இரண்டு மாதத்தில் செத்த குட்டிகள் இந்தக் கணக்கில் வருவதில்லை. சமாதானத்துக்கு வந்த அந்த நாய் நலமாகத் திரிந்துகொண்டே கிருமியை உண்ணிக்குக் கொடுத்துக்கொண்டும் இருக்கும். பேட்டன் பார்த்த நரிகளின் இரத்தத்தில் இருந்த அதே உயிரிதான் வேட்டை நாய்களின் இரத்தத்திலும் இருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மருந்துகளின் நஞ்சைப் பற்றிய அச்சம் நியாயமானது. அதை ஏளனம் செய்வதில் பயனில்லை. மேலே சொன்ன மாத்திரை வகையைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே 2018 செப்டம்பரில் எச்சரித்திருக்கிறது: சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம். அந்த நிர்வாகம் மருந்தை விற்பனையிலிருந்து எடுக்கவில்லை. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானது, வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்பதே அதன் பேச்சு. ஐவர்மெக்டின் இன்னொரு உதாரணம். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து உருவாகி, 2015இல் நோபல் பரிசு வரை போன மருந்து. சொறிக்கும் புழுவுக்கும் அருமருந்து. ஆனால் கோலி போன்ற சில இனங்களில் மரபணு மாற்றத்தால் அது மூளைக்குள் புகுந்து ஆளையே சாய்த்துவிடும். ஊசி மலிவு என்பதற்காக யாரோ சொன்ன அளவில் போட்டுக்கொள்வது ஆபத்து. உண்ணியைக் கொல்லும் அமிட்ராஸ் கரைசலை அளவு பார்க்காமல் ஊற்றுவதும், நாயை நக்கவிடுவதும் அதே வகை. எல்லாவற்றையும் விடப் பெரிய விபரீதம், நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்கும் போடுவது. அதை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்குப் போதாது. நடுங்கி, வலிப்பு வந்து சாகும். வீட்டில் இரண்டும் இருந்தால் நாய்க்கு எதைப் போடுகிறோம் என்பதைப் பூனையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

நஞ்சு வேண்டாம் என்பவர்கள் வேப்பெண்ணெயும் மஞ்சளும் போதும் என்கிறார்கள். வேம்புக்குப் பூச்சிகளை விரட்டும் குணம் உண்டு என்பதை மறுக்க முடியாது. விரட்டுவது வேறு, கொல்வது வேறு, நான்கு வாரம் நீடிப்பது வேறு. வேப்பெண்ணெய் பூசிய நாயை விட்டு விலகிய உண்ணி சுவருக்குத்தான் போகும். எண்ணெய் வாசனை போனதும் திரும்பி வரும். பூனைக்குப் பூசினால் நக்கி நோய்வாய்ப்படும். இயற்கையானது என்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது. இயற்கை வழியில் போக விரும்புகிறவர்களுக்குச் சுவர் இடுக்கை அடைப்பதும், படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுவதும், வேக்குவம் கிளீனரால் மூலை முடுக்குகளை இழுப்பதும் வேப்பெண்ணெயைவிட இயற்கையான வழிகள். தெள்ளுப்பூச்சிக்கும் இது பொருந்தும். நாய்மேலோ பூனைமேலோ நாம் காண்பது மொத்தத்தில் 5 சதவீதம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மிச்சம் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகச் சோபா இடுக்கிலும் மிதியடியிலும் இருக்கும்.

குடற்புழு விஷயத்தில் நம் குழப்பம் வேறுவிதமானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மாத்திரை மூன்று மாதம் காவல் காக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வழக்கமான மாத்திரை அன்றைக்குக் குடலில் உள்ள புழுவைக் கொன்றுவிட்டு உடம்பை விட்டுப் போய்விடும். மறுநாளே புதிய புழு நுழைய எந்தத் தடையும் இல்லை. உருண்டைப்புழுவின் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வரும்போது யாருக்கும் தொற்றாது; மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும், பிறகு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொக்கிப்புழு இன்னும் வேகம்: ஈரமும் சூடும் உள்ள மணலில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதன் குஞ்சு தயாராகி, வெறுங்காலின் தோலையே துளைத்துப் போகும். பெசன்ட் நகர் கடற்கரையில் மணல்வீடு கட்டும் குழந்தையின் பாதத்தில் வளைந்து வளைந்து அரிக்கும் சிவப்புக் கோடு வந்தால், அது தோலுக்கடியில் வழிதெரியாமல் ஊரும் நாய்க் கொக்கிப்புழுவின் குஞ்சாக இருக்கலாம். ஆகவே, நாயைக் கொஞ்சுவதை விட ஆபத்தானது அதன் மலத்தை அள்ளாமல் விடுவது. காலை நடையில் பையில் அள்ளிக்கொண்டு வருபவரை வேடிக்கை பார்க்கும் ஊர் இது. அவர் செய்வது சுத்தம் மட்டுமில்லை, மருத்துவமும்கூட.

நாயின் மலத்திலோ வாலடியிலோ அரிசி போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் வந்தது. பூச்சி மாத்திரை கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால் அது மாதம் தோறும் திரும்ப வரும். மாத்திரையை எடைக்கு ஏற்பத்தான் கொடுக்க வேண்டும். 10 கிலோவுக்கு ஒன்று என்று எழுதியிருக்கும் மாத்திரையை 30 கிலோ லாப்ரடாருக்கு ஒன்று கொடுத்துவிட்டு ‘மருந்தே வேலை செய்யவில்லை’ என்றால் என்ன செய்வது? குட்டிகளின் கதை தனி. தாயின் தசையில் உறங்கும் கொக்கிப்புழுக் குஞ்சு பால் வழியாகவும், உருண்டைப்புழு கருவிலேயேயும் போய்விடும். தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் ஆறாவது, எட்டாவது வாரம் வரை காத்திருக்காமல் இரண்டாவது வாரத்திலிருந்தே மருத்துவரைக் கேட்டுப் புழு மருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

பூனை வளர்க்கும் வீட்டில் பெண் கர்ப்பமானால் முதலில் வெளியேற்றப்படுவது பூனை. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பற்றிய பயம் உண்மையான பயம்தான். கருவைத் தாக்கக் கூடியது. ஆனால் பூனை வெளியேற்றும் அதன் முட்டை ஒன்றிலிருந்து ஐந்து நாள் கழித்தே தொற்றும் நிலைக்கு வருகிறது. மணல் தட்டைத் தினமும், வேறொருவர், சுத்தம் செய்தால் பயத்தின் பெரும்பகுதி தீர்ந்தது. சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத காய்கறியும், கையுறை இல்லாமல் தோட்ட மண்ணைக் கிளறுவதும் பூனையைவிடக் கூடுதல் கவனம் கேட்பவை. இங்கும் ஆபத்து பூனையின் மடியில் இல்லை, மணலில் கிடந்த நாட்களில் இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் காக்க வேண்டிய எல்லை நாயோடு முடியாது, வீட்டோடும் முடியாது, தெருவரை போகிறது. இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு அரிசோனாவில் பதில் இருக்கிறது. அங்கே பழங்குடியினர் குடியிருப்புகளில் 2003 முதல் இதே பழுப்பு நாய் உண்ணி மனிதரைக் கொல்லும் ஒரு காய்ச்சலைப் பரப்பத் தொடங்கியது. தனித்தனி வீட்டுக்கு அறிவுரை சொல்லிப் பார்த்தார்கள், பலன் குறைவு. 2012இல் ஒரு குடியிருப்பின் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒன்றாக எடுத்து, எல்லா நாய்க்கும் நீண்ட நாள் தாங்கும் உண்ணிப் பட்டை கட்டி, முற்றங்களில் மருந்து அடித்தார்கள். சில மாதம் கழித்து, திட்டத்தில் இருந்த பகுதி நாய்களில் உண்ணி தெரிந்தவை ஒரு சதவீதத்தை ஒட்டி. திட்டத்துக்கு வெளியே இருந்த பகுதியில் 64 சதவீதம். இரண்டு பகுதிக்கும் ஒரே வெயில், ஒரே உண்ணி.

சென்னையில் அப்படியொரு கூட்டு முயற்சிக்கு அடித்தளம் ஓரளவு போட்டாயிற்று. 2025 ஆகஸ்டில் மாநகராட்சி தெரு நாய்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும் பணியைத் தொடங்கியபோது, அக, புற ஒட்டுண்ணி நீக்க மருந்தையும் சேர்த்தே கொடுத்தது. அதே மாதம் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பிடிக்கப்படும் தெரு நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசியோடு குடற்புழு நீக்கமும் செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்றது. தி.நகர் கண்ணம்மாபேட்டையிலும் ராயப்பேட்டை லாயிட்ஸ் காலனியிலும் மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்கள் இருக்கின்றன. 1959இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் கிண்டியில் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் 2025 இறுதியிலிருந்து கண்டிப்பாக்கப்பட்டு, இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றாகிவிட்டது. உரிமம் கேட்கும்போது வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள்; ஒட்டுண்ணி மருந்துப் பதிவையும் அதோடு கேட்டால் ஆகாதா?

தெரு நாய்க்கெல்லாம் நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற குரல் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கட்டாயம் எழும். தெரு நாயைப் பிடிக்காதவர்கள்தான் இதற்கு முதலில் கை தூக்க வேண்டும் என்பேன். வாசலில் படுக்கும் இரண்டு நாய்களுக்கு ஆகும் மருந்துச் செலவை இருபது வீடுகள் பகிர்ந்தால் ஒரு வீட்டுக்கு வரும் தொகை, டிக் ஃபீவர் வந்த ஒரே ஒரு நாயின் இரத்தப் பரிசோதனைக் கட்டணத்துக்கு எட்டாது. தினமும் சோறு வைப்பவர் கையால் மாத்திரையைக் கொடுக்கலாம், பிடிக்கவோ கட்டவோ தேவையில்லை. எடையும் மருந்தும் அளவும் மட்டும் மருத்துவர் சொன்னதாக இருக்க வேண்டும். மாநகராட்சி போட்டுவிட்டுப் போனதே என்று உட்கார்ந்துவிட முடியாது. வெறிநாய்த் தடுப்பூசி ஓராண்டு காக்கும். வழக்கமான உண்ணி மருந்து சில வாரங்களே காக்கும். மாநகராட்சி வண்டி அடுத்த முறை அந்தத் தெருவுக்கு வரும்வரை உள்ள மாதங்கள், அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் பொறுப்பில்தான் இருக்கின்றன.